தையல்காரிக்குக் கழுத்து நின்றது எப்போது?

தையல்காரி வாயில் வரும் 'நாளைக்கு' என்ற சொல்லை நம்பி எந்தக் காரியத்தையும் தொடங்கக் கூடாது. ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பண்டிகைக்குப் பழைய ஜாக்கெட்டோடு போன சகோதரிகளே, உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற தையல்காரிகள் வேலை அதிகமாகி நாளைக்கு என்பார்கள். நான் துணியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் நாளைக்கு என்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் என் கடை. வெட்டுவதும் தைப்பதும் நான். ஹெம்மிங், ஹூக் எல்லாம் ராணி அக்கா. திட்டு வாங்குவதும் ராணி அக்காதான், ஏனென்றால் வாசலை ஒட்டி உட்கார்ந்திருப்பது அவர். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையிலேயே துணி கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார்கள். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அவர் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன் மேரி. நீ ஒரு வழிக்கு வரலைன்னா மறுநாளே வேடசந்தூர் மில்லு பஸ்ஸுல ஏறிருவேன். அங்கன மெசினு மட்டுந்தான் கத்தும்."

அளவு ஜாக்கெட்

துணியோடு, உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் கொடுப்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். புதுத் துணிமேல் அதை விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, பழையதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெட்ட வேண்டும். வசந்தா டீச்சர் துணியை வெட்டிய அன்று எடுத்து ஓரமாக வைப்பதை மட்டும் மறந்துவிட்டேன். கையில் இருந்தது புதுக் கத்தரிக்கோல் வேறு. இரண்டும் சேர்ந்தே துண்டாயின.

டீச்சர் திட்டவில்லை. வெட்டுப்பட்ட இரண்டையும் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவாயா என்று கேட்டார். வாரத்துக்கு ஒருமுறை என்றேன். ஒரு வேலையைத் தொட்டால் இன்னொன்று இழுக்குமா என்றார். இப்போதுகூட இழுக்கிறது டீச்சர் என்றேன். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. கவனமில்லாதவள், திமிர் பிடித்தவள் என்ற இரண்டு பட்டங்களைத் தவிர வேறொன்றும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

"எங்க ஸ்கூல்ல உன்னைய மாதிரியே ரெண்டு பயலுக இருக்கானுக. கவனம் ஒரு எடத்துல நிக்காது. டாக்டர்ட்ட காமிச்சு ஏடிஎச்டின்னு பேரு கண்டுபிடிச்சாச்சு. நீதான் இன்னும் பேரில்லாமத் திரியுற."

மஞ்சள் நாற்காலி

அந்தப் பையன்களுக்கு வைத்தியம் பார்த்த குழந்தைகள் கிளினிக்குக்கே போனேன். மாடியில் இருந்தது. சுவரெல்லாம் யானை, முயல். உட்காரச் சொன்னார்கள். இருந்ததெல்லாம் மஞ்சள் நிறத்தில், என் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தேன். எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது.

வரவேற்பில் இருந்த பெண் நிமிராமல் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். பிள்ளைக்குக் கழுத்து எப்போது நின்றது என்றாள். அம்மாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா நீங்கதானே என்றாள். இல்லை, பிள்ளை நான் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். நல்ல பெண், சிரிக்கவில்லை. உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"பதினெட்டு வயசுக்கு மேல பாக்குறதில்லக்கா. உங்க பிள்ளைகள்ல யாராவது இப்படி இருந்தாக் கூட்டிட்டு வாங்க, அந்தச் சாக்குல உங்களையும் பாத்துருவாங்க."

வல்லாரை

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. எங்கள் ஊரில் வியாதி ஒன்று என்றால் வைத்தியர் வீட்டுக்கு ஒருவர். ஒருத்தி மந்திரித்துக்கொள் என்றாள். ஒருத்தி மாதா கோயிலில் நவநாள் வை என்றாள். என் நாத்தனார் கைப்பேசியைத் தூக்கிப் போடு என்றார். அதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வல்லாரைக் கீரை என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

சந்து முனையில் கீரை விற்கும் பஞ்சவர்ணத்திடம் தினமும் ஒரு கட்டு வாங்கினேன். அந்த அம்மாள்தான் உருப்படியான தகவல் சொன்னார். அவர் வீட்டுக்காரரின் குடியை நிறுத்தப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, மாடியில் மனசுக்குப் பார்க்கும் டாக்டரும், உட்கார வைத்துப் பேசும் ஒரு மேடமும் இருந்தார்களாம். இவ்வளவையும் கேட்டு, சந்தோஷத்தில் நடையைக் கட்டினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நேத்துக் கட்டும் இங்கனதான் கெடக்கு, இன்னைக்குக் கட்டும் இங்கனதான் கெடக்கு. ஞாபகத்துக்கு வல்லாரை திங்கலாம், வல்லாரையே ஞாபகமில்லைன்னா நான் எந்தக் கீரையக் குடுக்குறது?"

முகமும் முதுகும்

பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும் நான் மதுரைக்குத்தான் போவதாக இருந்தேன். காரணம் வெட்கம். மனநலப் பிரிவு வரிசையில் நிற்பதை எவளாவது பார்த்தால், 'மேரி கழண்டு போச்சு' என்று ஊரெல்லாம் ஆகிவிடும். மதுரைக்குக் கிளம்பிய ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸைத் தவறவிட்டேன். அதற்கு வைத்தியம் பார்க்கத்தான் மதுரைக்கே போகிறேன் என்று பஸ்காரரிடம் சொல்ல முடியுமா? கடைசியில் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கே போனேன்.

எனக்கு முன்னால் இன்னொரு அம்மாள், அவரும் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். முகத்தை மூடியவர் முதுகை விட்டுவிட்டார். ஜாக்கெட்டின் பின்கழுத்தில் பானை வடிவம், ஓரத்தில் அரை விரற்கடை கோணல். என் கைக் கோணல் எனக்குத் தெரியாதா? வசந்தா டீச்சர். வெட்டிய ஜாக்கெட்டுக்குப் பதிலாக நான் தைத்துக் கொடுத்தது. கையைத் தொட்டேன். அவர் அதிர்ந்து திரும்பி, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்று மட்டும் மெல்லச் சொன்னார். பிறகு டீச்சர் குரல் திரும்பிவிட்டது.

"நான் உன்னையப் பாக்கல, நீ என்னையப் பாக்கல. ஆனா தைக்கக் குடுத்த அந்த ஊதா ஜாக்கெட்டு இந்த வாரம் வேணும்."

அம்மாவின் சாட்சியம்

டாக்டர் பார்த்துவிட்டு மேடத்திடம் அனுப்பினார். மேடம் பல தடவை வரச் சொல்லி, நிறையக் கேட்டார். பிறகு, சின்ன வயதிலிருந்து உங்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். சின்னாளபட்டியிலிருந்து அம்மாவை வரவழைத்தேன். அம்மா நல்ல சேலை கட்டி, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்ததுபோல உட்கார்ந்தார். மகளைக் காப்பாற்றியே தீருவது என்ற முடிவோடு வந்திருந்தார்.

"எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. தங்கமான பிள்ளை. ஒருநா பையைப் பள்ளிக்கூடத்துல வச்சுட்டு வருவா, ஒருநா தம்பியை வச்சுட்டு வருவா, அம்புட்டுத்தான்." மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் இருமினார். அம்மா விடவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தைக் குழாயடியில் விட்டுவிட்டு நாய்க்குட்டியோடு வந்தது, பரீட்சைக்குப் பதில் தாவணியைத் தைத்துக்கொண்டிருந்தது என்று, என்னைக் காப்பாற்றக் காப்பாற்ற நான் வசமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவை மேடம் எங்கள் இருவருக்கும் சேர்த்தே சொன்னார். ஏடிஎச்டிதான், பிறந்ததிலிருந்தே மூளையின் வாகு அப்படி, சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் அழுதுவிட்டேன். இவ்வளவு வருஷம் நானே என்னைத் திமிர்காரி என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா எனக்கு முன்னால் படியிறங்கினார். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அப்ப நான் உன்னைய அடிச்சதெல்லாம் வீண்தானா மேரி?"

பத்தரை

மாத்திரை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்களைப் போன்ற பெரியவர்களுக்காக மேடம் மாதம் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். காலை பத்தரைக்கு. முதல் கூட்டத்துக்கு ஒருவர் முந்தின நாளே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒருவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன், அதையே சாதனையாக நினைத்துக்கொண்டு.

உள்ளே பாண்டி மட்டும் இருந்தான். மில்லில் எலக்ட்ரீஷியன். ஆட்டிசம் என்று முப்பது வயதில்தான் அவனுக்கும் பெயர் கிடைத்திருக்கிறது. முகம் பார்த்துப் பேசமாட்டான் என்பதால் அவனையும் ஊர் திமிர்காரன் என்றே சொல்லி வந்ததாம். அந்த வகையில் நாங்கள் ஒரே சாதி. அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாரையும் போன் போட்டு எழுப்பும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். நலம் விசாரிக்கமாட்டான். கிளம்பியாச்சா என்பான். கிளம்பிட்டே இருக்கேன் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டான், செருப்பு போட்டாச்சா என்பான். ஒருநாள், பத்தரை மாதிரி வந்துருவேன் தம்பி என்று சொல்லித் தொலைத்தேன்.

"பத்தரைன்னா பத்தரைக்கா. பத்தரை மாதிரின்னு கடிகாரத்துல கிடையாது."

மில் பஸ்

மேடம் கடைக்கும் ஒரு வழி சொல்லியிருந்தார். மேஜைமேல் ஒரே ஒரு துணி. மற்றதெல்லாம் பீரோவுக்குள். பீரோ ராணி அக்கா பொறுப்பில். ஒன்றைத் தைத்துக் கொடுத்தால்தான் அடுத்ததை எடுத்துத் தருவார். என் கடையில் நானே கையேந்தி நின்றேன். தீபாவளிக்கு முந்தின நாள் பீரோ காலி. பதினைந்து வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில் வசந்தா டீச்சர் அந்த ஊதா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பக்கமும் நான் வைத்துத் தைத்திருந்தது இடது கை. ராணி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. வலது கையைப் பிரித்துத் திரும்ப வைத்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தீபாவளிக்கு மறுநாள் கடை திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். சந்து முனையில் மில் பஸ் வந்து நின்ற சத்தமும் கிளம்பிப் போன சத்தமும் கேட்டன. அதற்குள் ஏறிப் போயிருப்பார் என்றே நினைத்தேன். கத்தரிக்கோலைக்கூடத் தொடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் தூக்கு வைக்கும் சத்தம். ராணி அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தார்.

"பஸ்ஸு வந்துச்சு மேரி. பீரோ சாவி என் இடுப்புல இருக்கு, நீ தேடித் தேடியே செத்துருவியேன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். அது போயிருச்சு."

எனக்கு ஊருக்குள்ளேயே பெயர் கிடைத்தது, மாத்திரை கிடைத்தது, பத்தரைக்கு எழுப்ப ஒரு பாண்டியும் கிடைத்தான், 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு மட்டும் மேடமே கைவிரித்துவிட்டதால் ஜாக்கெட் கொடுத்தவர்கள் தயவுசெய்து ராணி அக்காவிடம் கேட்டுக்கொள்ளவும்.