பதினொரு மணி டீயும் ஒரு பாஸ்வேர்டும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியில் பதினொரு மணி ஆகவே இல்லை.

கடிகாரத்தில் ஆயிற்று. டீக்கு பெல் அடிக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்... நூல் விலை ஏறலாம், ஆர்டர் கேன்சல் ஆகலாம். டீ மட்டும் தள்ளிப் போகக் கூடாது.

எங்கள் மூத்த டெய்லர் சரசக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க, பெல்லக் கட்டிப் போட்டுட்டீங்களா? பத்து நிமிசம் எங்க கணக்குல போச்சுங்க."

நான் ஒன்றும் கட்டிப் போடவில்லை. முந்தின நாள்தான் நெட் கனெக்‌ஷன் மாற்றியிருந்தோம். பழைய ரூட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுசு ஜம்மென்று வேலை செய்தது — எல்லோர் போனிலும். சுவரில் இருந்த ஒரு சின்னப் பெட்டியில் மட்டும் செய்யவில்லை.

அந்தப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வைஃபை போர்டு. மணி என்னவென்று இன்டர்நெட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, டீக்கும் சாப்பாட்டுக்கும் தானே பெல் அடிக்கும். செய்தவர் குழந்தைவேல். என் பழைய பார்ட்னர்.

அதற்கு முன்னால் பெல் சுவிட்ச் எங்கள் மேஜையில் இருந்தது. ஷிப்மென்ட் நெருக்குகிற நாளில் எந்த முதலாளிக்கும் விரல் கொஞ்சம் மரத்துப் போகும், இல்லையா? ஒரு நாள் குழந்தைவேல் அந்தச் சுவிட்சையே பிடுங்கிவிட்டார்.

"இது நம்ம கையில இருக்கவே கூடாதுங்க மாப்ள. இருந்தா அஞ்சு நிமிசம் திருடச் சொல்லுமுங்க."

அப்படிப்பட்ட மனிதர். அவரோடு நான் சண்டை போட்டதே இல்லை. கம்பெனியைப் பெரிதாக்கலாம் என்றார் அவர். இருப்பதே போதும் என்றேன் நான். "சரிங்க" என்றார். "சரிங்க" என்றேன். அவர் மங்கலம் பக்கம் தனியாக யூனிட் போட்டுவிட்டார். கல்யாண மண்டபத்தில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், பந்தியில் தள்ளித் தள்ளி உட்காருவோம். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்றைக்காவது சமாதானம் ஆகலாம். 'சரிங்க' சொல்லிப் பிரிந்தவர்கள் எதை வைத்துச் சேர்வது?

பெட்டிக்கு வருகிறேன். எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். ஆபீஸில் கணக்குப் பார்க்கும் மேனகா களத்தில் இறங்கினாள். ஆஃப் பண்ணினாள், ஆன் பண்ணினாள். நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இந்த மாதிரிக் குட்டி போர்டுகளுக்கு வைஃபையில் 2.4 அலைவரிசைதான் ஒத்துக்கொள்ளுமாம், 5 ஆகாதாம். அதையும் மாற்றிப் பார்த்தாள். ம்ஹூம். கடைசியில் ஒரு கேபிளைப் போட்டு லேப்டாப்போடு இணைத்தாள். ஸ்கிரீனில் வரி வரியாக ஏதோ ஓடியது.

"சார், இது நம்ம வைஃபையத் தேடவே இல்லீங்க. வேற ஏதோ பேரத் தேடிட்டு இருக்குதுங்க... நட்வேல்னு."

நட்வேல்! நடராஜ் என்கிற என் பெயரில் பாதி, குழந்தைவேலில் பாதி. எங்கள் பழைய கம்பெனியின் பெயர்.

ஒரு பழைய கோழிப்பண்ணை ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி அது. கழுவிக் கழுவி ஊற்றியும் கோழி வாசம் போகவில்லை. சரக்கு வாங்க முதல் பையர் வருகிறார் என்று ஊதுவத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்தோம். வந்த மனிதர் கோயில் என்று நினைத்து ஷூவைக் கழற்றிவிட்டார். அவர் வெறுங்காலோடு பனியனைத் தடவிப் பார்த்தபோது, நானும் குழந்தைவேலும் சிரிப்பை அடக்க முடியாமல் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டோம்.

பிரிந்த பிறகு வாசல் பெயர்ப்பலகை மாறியது. பில் மாறியது. பேங்க் கணக்கு மாறியது. நட்வேலை ஊரும் மறந்தது, நானும் மறந்தேன். இந்தப் பெட்டிக்கென்று பழைய ரூட்டரில் தனியாக அந்தப் பெயரைப் போட்டு வைத்திருந்திருக்கிறார் மனிதர். இத்தனை வருஷமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பெல் அடித்திருக்கிறது. இப்போது காணாமல் தேடுகிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"புது ரூட்டர்ல அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டுட்டா தானா ஒட்டிக்குமுங்க. பாஸ்வேர்டு என்னங்க சார்?" என்றாள் மேனகா.

எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஒருவர்தான்.

கடையில் ஒரு டைமர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். 'யாருங்க?' என்று கேட்டுவிட்டால்? அதுதான் பயம்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்க மாப்ள."

மாப்ள! ஒரு வழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அது இன்னுமா ஓடுதுங்க?" என்றார். "பாஸ்வேர்டு டக்குனு ஞாபகம் வரலீங்க மாப்ள. நேர்ல வந்து கீபோர்டுல கை வெச்சா வந்துருமுங்க."

மதியமே வந்துவிட்டார். நன்றாக நரைத்திருந்தது. சரசக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து நலம் விசாரித்தார். மேனகாவின் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தைவேல் ஒரு நொடி யோசிக்கவில்லை — பாஸ்வேர்டை மடமடவென்று அடித்தார். ஞாபகம் வரவில்லையாம்! நீல விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நின்று எரிந்தது.

சாயங்கால டீக்கு பெல் தானாக அடித்தது. நாங்களும் டெய்லர்களோடு வரிசையில் நின்று டீ வாங்கினோம். பேசினோம், பேசினோம்... டீ ஆறியே போய்விட்டது. பழைய சிநேகிதர்களுக்கு நாம் போன் செய்யாமல் இருப்பது பெரும்பாலும் கோபத்தினால் அல்ல. கூப்பிடுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்காததால்தான்.

அவர் கிளம்பும்போது மேனகா பேனாவோடு ஓடி வந்தாள்.

"சார், அந்தப் பாஸ்வேர்டச் சொன்னீங்கன்னா எழுதி வெச்சுக்கறனுங்க. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லீங்களே."

குழந்தைவேல் என்னைப் பார்த்தார்.

"எழுதாதே கண்ணு" என்றேன்.