ரோஸ்லின் அக்காவின் மைனஸ் பதினெட்டு

1. போன்

காலை பத்தரை மணி இருக்கும். ரோஸ்லின் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவண வேலைகளைப் பார்ப்பவர். எங்கள் மென்பொருளை முதலில் நம்பி வாங்கியவர்களில் ஒருவர். எப்போதும் "சாப்பிட்டியாளா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று அது இல்லை.

"ஏளா செல்வி, கணவாய்க்கு எதுக்குளா பதிமூணு டிகிரி போட்டிருக்கு?"

"எதுலக்கா?"

"நேத்து சாயங்காலம் போட்ட புக்கிங்ல. மூணு குளிர்பெட்டிக்கும் பதிமூணுன்னு இருக்கு. கன்டெய்னர் யார்டுல இருந்து காதர் பாய் கூப்பிட்டுக் கேக்காரு. நான் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்ல. எப்பவும் மைனஸ் பதினெட்டுன்னு தானா வந்துரும்லா?"

அந்தப் பதிமூன்றை முந்தின நாள் மதியம் எழுதியவள் நான்தான்.

2. எழுதாமல் விட்ட வரி

மில்லர்புரத்தில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்புகிறவர்கள் கன்டெய்னர் புக் செய்ய ஒரு வெப் அப்ளிகேஷன் நடத்துகிறோம். அதில் 'என் விருப்பங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. எந்த அளவுப் பெட்டி, எந்தத் துறைமுகம், குளிர்பெட்டி என்றால் எத்தனை டிகிரி என்று ஒருமுறை சேமித்துவிட்டால், பிறகு ஒவ்வொரு படிவத்திலும் அதுவே நிரம்பி வரும். எதையும் சேமிக்காதவர்களுக்கு நாங்களே முன்கூட்டி வைத்திருக்கும் மதிப்பு, அதாவது டிஃபால்ட், வரும்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் மீன், இறால்காரர்கள். அதனால் டிஃபால்ட் வெப்பநிலை மைனஸ் பதினெட்டு. பிறகு வாழைக்காய் அனுப்புகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். முந்தின நாள் எங்கள் முதலாளி என் மேசைக்கு வந்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"செல்வி, இப்ப புதுசா வாரவங்க எல்லாம் வாழைக்காய்க்காரங்க. ஒவ்வொரு தடவையும் மைனஸ் பதினெட்டுன்னு வந்து நிக்குன்னு திட்டுதாங்க. அதை அவங்களுக்கு வேண்டிய பதிமூணா மாத்திரு."

"மீன் கம்பெனிக்காரங்களுக்கு?"

"அவங்கதான் எப்பவோ சேவ் பண்ணி வச்சிருக்காங்கள்லா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு எண். மாற்றி, புதிதாக ஒரு கணக்கு திறந்து பார்த்தேன், பதிமூன்று வந்தது. சர்வரில் ஏற்றிவிட்டேன். பழைய கணக்கு ஒன்றில் நுழைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ரோஸ்லின் அக்காவை லைனில் வைத்துக்கொண்டே அவருடைய விருப்பங்கள் இருக்கும் டேட்டாபேஸ் டேபிளைத் திறந்தேன். பெட்டி அளவுக்கு ஒரு வரி இருந்தது. துறைமுகத்துக்கு ஒரு வரி இருந்தது. வெப்பநிலைக்கு வரியே இல்லை.

சேமிக்கும் புரோகிராமைத் திறந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் நான் எழுதியதுதான். பயனர் கொடுக்கும் மதிப்பும் டிஃபால்ட்டும் ஒன்றாக இருந்தால் டேபிளில் எழுத வேண்டாம் என்று ஒரு நிபந்தனை. வீணாக எதற்கு ஒரு வரி என்று அன்று நினைத்திருக்கிறேன். அதை எழுதிய நாளில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரோஸ்லின் அக்கா மைனஸ் பதினெட்டைத் தேர்ந்தெடுத்து 'சேமி' பொத்தானை அழுத்தியிருக்கிறார். திரை 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லியிருக்கிறது. எதுவும் சேமிக்கப்படவில்லை. டிஃபால்ட் மாறாத வரை அது யாருக்கும் தெரியவில்லை.

3. மூன்றாவது பெட்டி

முதலில் டிஃபால்ட்டைப் பழையபடி மைனஸ் பதினெட்டாக்கினேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஏற்கெனவே போட்ட புக்கிங்குகள் அதனால் மாறாது. முந்தின நாள் மதியத்திலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உறைந்த சரக்குக்குப் பதிமூன்று விழுந்தது அந்த மூன்று பெட்டிகளுக்கு மட்டும்தான். உடனே காதர் பாயைக் கூப்பிட்டேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் பல வருடம் இதே வேலை பார்த்துத் திரும்பிய குளிர்பெட்டி டெக்னீஷியன்.

"ரெண்டு காலிப் பெட்டி இங்கனதான் நிக்கிம்மா. நான் கை வைக்கல. கணவாய்னு எழுதிட்டு பதிமூணுன்னு போட்டா யாரு நம்புவா? ஆனா ஒண்ணு காலைல மொத ஷிஃப்ட்லயே போயிட்டு. அந்த ஷிஃப்ட் ஆளு பேப்பர்ல உள்ளபடி வச்சு அனுப்பிட்டாரு."

"எங்கன போயிருக்கு பாய்?"

"அவங்க ஃபேக்டரிக்குத்தான். மாப்பிள்ளையூரணி தாண்டி. நானும் வாரேன், நீங்க கெளம்புங்க."

உறைந்த கணவாயை அந்தப் பெட்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினால், பெட்டி அதைப் பதிமூன்று டிகிரிக்குக் கொண்டுவரத்தான் வேலை செய்யும். போய்ச் சேரும் இடத்தில் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். ரோஸ்லின் அக்கா ஃபேக்டரிக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கோல்டு ரூமுக்குள் யாரும் போன் எடுத்துப் போவதில்லை. வாசல் கேட்டிலும் யாரும் எடுக்கவில்லை.

அண்ணாச்சியிடம் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கார் சாவியை எடுத்தார்.

"பேச்சைப் பொறவு வச்சுக்கலாம். ஏறு."

வழி முழுக்க நானும் ஃபேக்டரிக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தேன். அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

நாங்கள் போய் இறங்கும்போது லாரி பின்பக்கமாக லோடிங் மேடையை ஒட்டி நின்றது. பெட்டிக் கதவு திறந்திருந்தது. அட்டைப்பெட்டிகள் அடுக்கிய முதல் பேலட் பலகை கோல்டு ரூம் வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"ஏலே, நிப்பாட்டு! ஏத்தாதீங்க!"

லோடிங் சூப்பர்வைசர் திகைத்துப்போய்ப் பேலட்டை உள்ளே திருப்பச் சொன்னார். பின்னாலேயே பைக்கில் காதர் பாய் வந்து இறங்கினார். பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்னத் திரையில் 13.0 என்று இருந்தது. அவர் ஏறி நான்கைந்து பொத்தான்களை அழுத்தினார். -18.0 என்று வந்தது. மெஷின் உறுமிக்கொண்டு வேகம் எடுத்தது.

"அல்லாஹ் காப்பாத்துனான்" என்றார் காதர் பாய், இறங்கிக்கொண்டே. "ஒரு அட்டைப்பெட்டிகூட உள்ள போகல."

நான் மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அண்ணாச்சி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ரோஸ்லினுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்றார்.

சொன்னேன். "மாதாவே" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு கேட்டார்:

"அப்பம் நான் சேவ் அமுக்குனது எங்களா போச்சு?"

சர்வர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அது சேவே ஆகலக்கா. நீங்க போட்டதும் எங்க டிஃபால்ட்டும் ஒண்ணா இருந்ததால அதை எழுதாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"பொறவு ஏன் சேவ் ஆயிட்டுன்னு காட்டுச்சு?"

"அப்படிக் காட்டச் சொல்லி எழுதுனதும் நான்தான்க்கா."

"சரி, சரக்கு தப்பிச்சுட்டுல்லா. மத்தவங்களுக்கும் இப்படி ஆயிரப்போவுது, போய் அதைப் பாரு."

4. பிறகு செய்தவை

பார்த்தேன். அந்த நிபந்தனையை அன்றே எடுத்தேன். பயனர் எதைச் சேமித்தாலும், அதுவும் டிஃபால்ட்டும் ஒன்றாகவே இருந்தாலும், இப்போது டேபிளில் ஒரு வரி விழும்.

பழையவர்கள் விஷயம்தான் சிக்கல். வரி இல்லாதவர்களில் மைனஸ் பதினெட்டு வேண்டும் என்று சொன்னவர் யார், அந்தப் பக்கத்தையே திறக்காதவர் யார் என்று டேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தகவலை நானே அழித்திருந்தேன். ஆகவே இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்து கேட்டேன். கேட்டதை டேபிளில் எழுதினேன்.

அது முடிந்த பிறகுதான் வெப்பநிலைக்கு டிஃபால்ட் என்பதையே எடுத்தோம். சேமிக்காதவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாக வரும். எண் போடாமல் புக்கிங் போகாது. வாழைக்காய்க்காரர் ஒருவர், "எங்களையே டைப் பண்ணச் சொல்லுதியளே" என்று கோபித்தார். "ஒரு தடவை போட்டு சேவ் பண்ணுங்க, பொறவு கேக்காது" என்றார் அண்ணாச்சி. இந்த முறை அது உண்மை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். டிஃபால்ட் நாம் வைத்தது. நாளைக்கே நாம் மாற்றலாம். பயனர் சேமித்தது அவர் சொன்னது. அவர் வந்து மாற்றும் வரை அதில் நமக்கு உரிமை இல்லை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கலாம். சொன்ன ஆள் வேறு.