பெலின்சோனாவில் பழுதாகும் வான்

தம்பித்துரை கைவைத்த வண்டி வழியில் நின்றது என்று சுவிஸின் ஊஸ்டர் நகரில் எவனும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவனை அவர் சும்மா விட்டிருக்கவும் மாட்டார். கப்பலில் எஞ்சின் வேலைக்கு வந்து, ரொட்டர்டாமில் கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடைசியில் ஊஸ்டர் பஸ் கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர், எண்பத்தைந்தாம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தார். தமிழ் அகதிகள் வரத் தொடங்குவதற்கு வெகு முன்பே சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்துவிட்ட மனுசன். மனைவி ஞானேஸ்வரி, பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் அவருக்குக் கொஞ்சம் நீளம்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பேக்கரிக்காரர் பாண் ஏற்றித் திரிந்த பழைய வானை வாங்கினார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். பனி கொட்டும் மாரி முழுக்க அந்த வானோடு இத்தாலியின் சிசிலித் தீவில் போய்க் குடியிருப்பது என்று தீர்மானம். கராஜில் கூட வேலை செய்த சல்வத்தோரே என்ற சிசிலிக்காரன் முப்பது வருசமாக ஊதி வளர்த்த ஆசை அது. தை மாதத்தில் சட்டையில்லாமல் கடற்கரையில் இருக்கலாமாம். எலுமிச்சை கைக்கெட்டும் தூரத்தில் தொங்குமாம். அதே வருசம் ஓய்வு பெற்று ஊருக்குப் போன சல்வத்தோரே, தன் வீட்டுப் பக்கத்தில் வான் நிறுத்த இடமும் துப்புரவாக்கி வைத்திருந்தான்.

ஆசை ஒரு பக்கம் இருக்க, தேவையும் இருந்தது. ஞானேஸ்வரிக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. ஏரியிலிருந்து எழும்புகிற பனிப்புகார் ஊஸ்டரை மூடினால் மாரி முடியும்வரை லேசில் விலகாது. அவ்வளவு காலமும் அவள் தலையணையை நிமிர்த்தி வைத்து, இருந்தபடிதான் உறங்குவாள். வெயிலுள்ள இடத்துக்குப் போனால்தான் நெஞ்சு தப்பும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

எல்லாம் சரிவந்த நேரத்தில்தான் ஞானேஸ்வரியின் கடைசித் தங்கை சிவமலர் வந்து சேர்ந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் புருசனைப் பறிகொடுத்தவள். நாற்பது வயதில் தனியே வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். தலைநகர் பேர்னிலிருந்து முடிவு வரும்வரை சுவிஸ் எல்லைக்கு அப்பால் காலை வைத்தால் விண்ணப்பம் போச்சு.

ஞானேஸ்வரி அன்றே சிசிலிக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். "இவளைத் தனிய விட்டிட்டு நான் ஒரு இடமும் வரமாட்டன்."

தங்கை அதைவிடப் பிடிவாதம். "என்னாலை உங்கடை மூச்சு நிண்டு போறதோ அக்கா? நீங்கள் போகாட்டி நான் முகாமுக்குப் போறன். ஒருத்தருக்கும் பாரமா இருக்க நான் வரேல்லை." சொன்னால் செய்கிறவள். உடுப்புப் பெட்டியையும் எடுத்துக் கட்டிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் கார்த்திகையில் புறப்பட்டார்கள். இத்தாலி எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள பெலின்சோனா வரை கூடவந்து வழியனுப்பிவிட்டு, அங்கிருந்து ரெயிலில் திரும்புவதாகச் சிவமலர் ஒத்துக்கொண்டாள். கொத்தார்ட் சுரங்கத்துக்குள் நுழையும்போது புகார். மற்றப் பக்கத்தால் வெளியே வந்தால் கண்கூசும் வெயில். தம்பித்துரைக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பாட்டுக்கூட வாயில் வந்தது. பின்னாலிருந்து வந்த கதைதான் அதைக் கெடுத்தது.

"ஒரு நேரமெண்டாலும் சமைச்சுச் சாப்பிடு. பாணைக் கடிச்சுக்கொண்டு கிடவாதை."

"ஓம் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுப்பன்."

"ஓம் அக்கா."

கண்ணாடியில் பார்த்தார். இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு யன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். தம்பித்துரைக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முப்பது வருச ஆசை. எல்லை இன்னும் கொஞ்சத் தூரம். இந்த நேரம் பார்த்துத்தானா இவர்கள் இப்படி இருக்க வேண்டும்?

பெலின்சோனா ரெயில் நிலையத்துக்குக் கிட்ட வானை ஓரங்கட்டினார். இறங்கிப் பொனட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். நெடுநேரம் கழித்து, முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு வந்து நின்று, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"வான் பழுதாப் போச்சு."

"அத்தான் கைவைச்ச வானோ?" என்றாள் சிவமலர்.

"கிளச் போச்சுது. மெல்ல உருட்டலாம், எல்லை தாண்டேலாது. உதிரிச் சாமான் எடுப்பிக்கோணும். மலர், நீ இப்ப ரெயிலேறாதை. நான் கராஜ் கராஜாத் திரியேக்கை இவளை ஆர் பாக்கிறது? வான் திருந்தும் மட்டும் நில்லு."

தன்னைப் பாரமென்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம் உதவி கேட்டால் எப்படி மறுப்பாள்? நின்றாள்.

வானை நத்தைபோல உருட்டிக்கொண்டு போய், எல்லைக்கு இந்தப் பக்கமே, லொகார்னோவுக்குக் கிட்ட, புகாரில்லாத ஏரிக்கரைக் காம்பிங் திடலில் விட்டார். கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபடி ஞானேஸ்வரி மெல்லக் கேட்டாள்: "கிளச் போனா கருகின மணம் வருமெண்டு நீங்கள்தானே சொல்லுவியள்? ஒண்டும் மணக்கேல்லையே."

"உனக்கு மூக்கடைப்பு. மணம் எங்கை விளங்கப் போகுது?"

அவள் சிரித்தாள். சிரித்து முடித்தும் இருமல் வரவில்லை. தம்பித்துரைக்கு அது போதுமாயிருந்தது.

சாமான் வரவேயில்லை; வராது என்று அவருக்குத் தெரியாதா? கட்டிலை அக்கா தங்கைக்கு விட்டுவிட்டு, முன்சீற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தார். பேருக்கு நாளைக்கு ஒருக்கால் பொனட்டைத் திறந்து மூடுவார். சிவமலர் சலவையறையில் இத்தாலி மொழி பேசும் அந்த ஊர்ப் பெண்களோடு கையாலும் கண்ணாலும் கதைத்துப் பழகினாள். ஞானேஸ்வரி அந்த மாரி முழுவதும் படுத்தே உறங்கினாள்.

அடுத்த மாரியும், சிவமலர் வழியனுப்ப வந்த இடத்தில், வான் அதே பெலின்சோனாவில் பழுதானது. அந்த முறை ரேடியேற்றர். அதற்கடுத்த மாரி கியர்பொக்ஸ். சல்வத்தோரே போனில் விழுந்து விழுந்து சிரித்தான். உன்னை நம்பியா இத்தனை வருசம் ஊஸ்டர் சனம் பஸ் ஏறியது என்று கேட்டான். தம்பித்துரைக்குச் சுருக்கென்று தைத்தது. தன் மானத்தைத் தானே விற்றுவிட்டு யாரோடு சண்டைக்குப் போவது? வாயை மூடிக்கொண்டு போனை வைத்தார். அவருக்கு அது லேசான காரியமில்லை.

எண்பத்தெட்டு கோடையில் பேர்னிலிருந்து முடிவு வந்தது. சிவமலரை ஏற்றுக்கொண்டார்கள், எல்லை தாண்டப் பயணப் புத்தகமும் கொடுத்தார்கள். வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். சிசிலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் இனி என்ன சிசிலி என்று தம்பித்துரையும் இருந்துவிட்டார்.

கார்த்திகையில் மூவரும் புறப்பட்டார்கள். சுரங்கம், வெயில், பெலின்சோனா. பழகிய கை தானாகவே வலப்பக்கச் சிக்னலைப் போட்டது.

"அத்தான், நேர விடுங்கோ," என்றாள் பின்னாலிருந்த சிவமலர்.

"ஏன்?"

"வானுக்கு ஒரு பழுதும் இல்லை. முதல் வருசமும் இருக்கேல்லை," என்றாள்.

தம்பித்துரை கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதை தெரிந்திருக்காது. சிக்னலை நிறுத்திவிட்டு வானை நேரே விட்டார். "அதை அந்தச் சல்வத்தோரேயிட்டைச் சொல்லு பாப்பம். நான் சொன்னா அவன் நம்பான்," என்றார்.

"சொல்லத்தான் போறன் அத்தான். இத்தாலிப் பாசையிலையே சொல்லுவன்," என்றாள் சிவமலர். "மூண்டு மாரி அங்கை பின்னை என்னத்தைப் படிச்சனான்?"