ஏழு இல்லை, நாலரை

பதினாறு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் தோற்றேன். அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், உழவர்கரையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. எனக்கு முப்பத்தொன்பது வயதானபோது எங்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர் தேடினார்கள். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும் என்றார்கள். அந்த வாரமே தனித்தேர்வராக எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனாலும் எங்களுக்கு அவள் மிஸ். படித்த ஒன்பது பேரில் கணக்கில் கெட்டிக்காரர், நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் ஒரு தம்பி. நான் சூத்திரத்தைப் போட ஆரம்பித்தால் வர்க்கமூலத்துக்குள் எங்காவது ஒரு கழித்தல் குறியைத் தொலைத்துவிடுவேன்.

ஒருநாள் மிஸ் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னாள். நடு எண்ணின் குறியை மாற்றி முதல் எண்ணால் வகுத்தால் இரண்டு விடைகளின் கூடுதல் வந்துவிடும். கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அவற்றின் பெருக்கற்பலன். விடையைக் கண்டுபிடிக்கும் முன்பே அதைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாமா என்று என்னால் நம்பவே முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நோட்டிலிருந்த பழைய கணக்குகளை எல்லாம் அப்படிச் சரிபார்த்தேன். பாதி தப்பு. ஆனால் தப்பு என்று நானே கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் பலகையில் 2x² − 9x + 10 = 0 என்று எழுதினாள். படகுக்காரத் தம்பி முதலில் முடித்தார்.

"ரெண்டு, அஞ்சு மிஸ்."

கைடைத் திறந்த இருவர், "அதான் போட்டிருக்கு" என்றார்கள். மிஸ் அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தாள். கையைத் தூக்கினேன்.

"மிஸ், அது தப்பு."

தம்பி திரும்பினார். "கைட்லயே இருக்குதுக்கா."

"கைட்லயும் தப்புதான் தம்பி. ரெண்டும் அஞ்சும் கூட்டினா ஏழு. ஒன்பதை ரெண்டால வகுத்தா நாலரைதான வரணும்? பெருக்கினா அஞ்சு வரணும், இங்க பத்து வருது."

மிஸ் சாக்பீஸை என்னிடம் நீட்டினாள். "வந்து போடுங்கக்கா."

(2x − 5)(x − 2) என்று பிரித்து எழுதினேன். இரண்டு, இரண்டரை. கூட்டினால் நாலரை, பெருக்கினால் ஐந்து. ஐந்தை இரண்டால் வகுக்க கைடு போட்டவர் மறந்திருக்கிறார். தம்பி தன் நோட்டில் ஐந்தை வைத்துப் போட்டுப் பார்த்தார். பூஜ்ஜியம் வரவில்லை, பதினைந்து வந்தது. அவர் விடையை அடித்துவிட்டுச் சிரித்தார். "நல்லா புடிச்சீங்க. எனக்கும் சொல்லிக்குடுங்கக்கா."

பரீட்சையில், மூலங்களின் வித்தியாசம் ஐந்து என்றால் x² − 13x + k-இல் k என்ன என்று கேட்டிருந்தார்கள். கூடுதல் பதிமூன்று, வித்தியாசம் ஐந்து, அப்படியென்றால் ஒன்பதும் நான்கும். முப்பத்தாறு என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்து, ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.

கணக்கில் எழுபத்தெட்டு. சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது. ரிசல்ட் வந்த அன்று மதியம் தம்பி போன் செய்து என் மார்க்கைக் கேட்டார். சொன்னேன். "என்னைவிட நாலு மார்க்கு கூட, ஜெயிச்சுட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம்கூடத் தயங்காமல்.