உறைபனி இளகும் படத்துக்கு முன்னால்

சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கும் அவளை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டைக்காரி என்பதால் அல்ல. சின்ன வயதிலிருந்தே அண்ணன் போகிற இடமெல்லாம் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனதால் வந்த பெயர். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்கு வாயும் காதும் தங்கைதான். டாக்டரிடம் போனாலும் அவள், சோபா தைக்கும் பட்டறையில் வேலை கேட்கப் போனபோதும் அவள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நடுவில் உட்கார்ந்து, “என்னையே பாத்துட்டிருந்தா பொண்ண எப்பப் பாப்ப?” என்று கையால் அதட்டியிருக்கிறாள்.

காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஓவியக்கூடத்துக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. சைகையில் எடுத்துச் சொல்ல வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணன் யோசிக்காமல் தங்கையைக் கை காட்டிவிட்டான்.

“ஐயோ, படத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“அதை அங்க இருக்கற அம்மா சொல்வாங்க. அவங்க சொல்றத நீ சொன்னா போதும்,” என்றன அண்ணனின் விரல்கள்.

கடைசி அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். உறைந்து கிடந்த ஆறு இளகத் தொடங்கும் பருவம். கரையில் திட்டுத் திட்டாக அழுக்குப் பனி, இடையே கறுப்பு மண். ஆற்றில் விரிசல் விட்ட பனிப்பாளங்கள். கவிழ்த்துப் போட்ட படகு, சாய்ந்த வேலி.

விளக்கம் சொல்லும் அம்மாள் படத்தில் ஒன்றிப்போய்ச் சொன்னார்: “கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. பாளம் பொளக்கற சத்தம் கேக்குதா? இத்தன நாள் மௌனம் உடையுது.”

வாலுவின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாளுக்கு உறைத்துவிட்டது. “அடடா, பழக்கதோஷம். அத விட்டுடுங்க.”

“எதுக்கும்மா விடணும்? இருங்க, சொல்லிப் பாக்கறேன்.”

உள்ளங்கைகளை இறுகச் சேர்த்தாள். தோள்வரை விறைத்துக்கொண்டாள். முதலில் சுண்டுவிரல் மட்டும் நடுங்கியது. நடுக்கம் மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, சட்டென்று கைகள் பிளந்து, இரண்டு பாளங்களாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. கூடவே காலை ஓங்கி ஒரு மிதி. மரத்தரையின் அதிர்வு அத்தனை பேர் பாதத்திலும் ஏறியது. காவலாளி ஓடி வந்தார். கூட்டமோ கைகளைத் தூக்கி விரல்களை ஆட்டி ஆரவாரம் செய்தது.

அதன்பிறகு பேச்சு சூடுபிடித்தது. படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களே, இது சோகப் படம் என்றான் அண்ணன். இனிமேல்தானே படகு விடப் போகிறார்கள், சந்தோஷம் என்றார் அம்மாள். நடுவில் வாலுவுக்கு வாயும் கையும் ஓயவில்லை.

“சரி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்றார் அம்மாள்.

வாலு வழக்கம்போல அதை அண்ணனுக்குச் சொன்னாள். அவன் தலையாட்டி மறுத்தான். “என்னைக் கேக்கல. உன்னைக் கேக்கறாங்க.”

இத்தனை வருஷமாக அவள் வழியாகப் பேசியவர்கள் ஏராளம். அவளைக் கேட்டவர்கள் யாருமில்லை. படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு வாயாலும் கையாலும் சொன்னாள்.

“பனி வெள்ளையா மூடியிருந்தப்ப எல்லாம் அழகாத்தான் இருந்திருக்கும். இப்பதான் சேறு தெரியுது, வேலி சாஞ்சது தெரியுது. இது சோகமும் இல்ல, சந்தோஷமும் இல்லம்மா. தலைக்கு மேல வேலை கெடக்கு, நாளைக்கு எழுந்து ஆரம்பிக்கணும்னு தோணுமே, அந்த மாதிரி.”

அம்மாள் திரும்பி, படத்தை மறுபடி பார்த்தார். “எனக்கு இப்படித் தோணவே இல்ல. அடுத்த மாசமும் வருவீங்களா?”

வெளியே வரும்போது அண்ணன் நுழைவுச்சீட்டுத் தருபவரிடம் போய் நின்று, நெஞ்சைத் தட்டி, தங்கையைக் காட்டி, என்னவோ சொன்னான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன சொல்றாரு?”

“‘இவ என் தங்கச்சி. இன்னிக்குப் பிரமாதமாப் பேசினா’ங்கறார்,” என்றாள் வாலு, ஒரு சொல் குறைக்காமல்.