பூச்சி அரிக்காத சிங்கம்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கும்படியான பொருள் ஒன்றே ஒன்று, அந்தச் சிங்கம். வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுக் கொன்று, தோலைப் பாடம் பண்ணி நிறுத்தியது. பதினோரு பேரைத் தின்றது என்று சீட்டுக் கிழிக்கும்போதே சொல்லிவிடுவேன். யார் எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பிளக்கும், எனக்கு அது போதும்.

அதைத் துடைப்பது முவாஜபு. அதிகம் பேசமாட்டாள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு முப்பத்தெட்டு வயதில் ரம்லாவைப் பெற்றாள். காங்கா என்னும் அகலத் துணியில் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். தினமும் காலையில் சிங்கத்தின் காலடியில் கரப்பானும் விட்டிலும் மல்லாந்து கிடக்கும். அவள் கூட்டி அள்ளுவாள். பக்கத்தில் பிற்காலத்தில் பாடம் பண்ணி நிறுத்திய மான் ஐந்தே வருடத்தில் பூச்சி அரித்துப் பொடியாய்ப் போயிற்று. சிங்கத்துக்கு ஒரு மயிர் உதிரவில்லை. "செத்தும் பார், பூச்சிக்குக்கூட அதன்மேல் பயம்" என்று ஊரெல்லாம் பெருமை பேசியது நான்தான்.

தேறாத பிள்ளைக்குச் சிங்க மயிரைத் தோல் பையில் வைத்துத் தைத்துத் தாயத்தாகக் கழுத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். காட்டுக்குள் தேடிப்போனால் வனக்காவலர் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். ஊர் நடுவே ஒரு சிங்கம் சும்மா நிற்கும்போது எதற்கு அந்தப் பாடு? கேட்டு வந்த தாய்மார்களை நானே முவாஜபுவிடம் அனுப்பினேன். ஆறு பேருக்குக் கொடுத்தாள். தன் மகளுக்கும் கட்டினாள்.

பல் முளைக்கிற நேரத்தில் ரம்லாவுக்கு வயிறு கெட்டது. வாந்தியும் நிற்கவில்லை. தாயத்தின் பலம் குறைந்துவிட்டது என்று அவள் இன்னொரு சிட்டிகை மயிர் சேர்த்துத் தைத்தாள். பிள்ளை இன்னும் வாடியது. இன்னொரு சிட்டிகை சேர்த்தாள். வாலில் எடுக்காதே, நெஞ்சில் எடு, பலமெல்லாம் அங்கேதான் என்று யோசனை சொன்னவனும் நான்தான். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

ஜூன் மாதம் பழைய பொருள்களைப் பரிசோதிக்கத் தலைநகரிலிருந்து லெமா என்ற அம்மாள் வந்தார். முழங்கை வரை கையுறை, மூக்கில் மூடி. அது செத்து எழுபது வருஷமாயிற்று, இனிக் கடிக்காது என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சிங்கத்தின் வயிற்றைப் பஞ்சால் துடைத்து ஒரு குப்பியில் போட்டார். குப்பியிலிருந்த சோதனைத் தாள் பழுப்பாக மாறியதும், யார் இதைச் சுத்தம் செய்வது என்று கேட்டார். முவாஜபுவைக் கூப்பிட்டேன்.

"எதால துடைக்கிறீங்க?"

"கையாலதான். தூசி போகலைன்னா வாயால ஊதுவேன்."

லெமா குப்பியை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் பாஷாணம் தேய்ப்பார்களாம். எத்தனை வருடமானாலும் அதன் வீரியம் போகாதாம். தூசியில், மயிரில், எல்லாவற்றிலும் இருக்குமாம். பூச்சிக்கு அதன்மேல் பயம் என்றல்லவா நினைத்தோம் என்றேன்.

"பூச்சி பயந்து சாகலீங்க. விஷத்தைத் தின்னு செத்துச்சு."

முவாஜபு துணியை அவிழ்த்துப் பிள்ளையை முன்பக்கம் கொண்டுவந்தாள். தாயத்து ரம்லாவின் வாயில் இருந்தது. பிடுங்கிப் பார்த்தாள். கடித்துக் கடித்துத் தையல் விட்டிருந்தது. தோல் ஈரமாக இருந்தது, உள்ளே மயிர் இல்லை.

பிள்ளை என்ன தின்றது என்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதினார்கள். "சிங்கம்" என்றாள் முவாஜபு. யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையின் மூக்கில் குழாய் ஏற்றும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இங்க நிக்காதீங்கண்ணே. மத்த ஆறு பிள்ளைங்ககிட்டப் போங்க. அனுப்பினது நீங்கதானே?"

ரம்லா பிழைத்துக்கொண்டாள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? வெயிலில் வீடு வீடாக ஓடினேன். ஐந்து பேர் விஷம் என்றதும் பதறிப்போய் அறுத்துக் கொடுத்தார்கள். ஆறாவது வீடு ஜுபேதாவுடையது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவ மகளுக்கு முடியலைன்னதும் குடுத்ததைத் திருப்பிக் கேக்குறாளா? எல்லாப் பலமும் அவ வீட்டுக்கே வேணுமாக்கும்?"

பாஷாணம் என்றேன், ஆஸ்பத்திரி என்றேன், கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பூச்சிகூட அதுக்குப் பயப்படுதுன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு? நீங்கதானே? இப்ப விஷம்னு வந்து நிக்கிறீங்க. இதைக் கட்டின பிறகுதான் என் மக எழுந்தே நின்னா, தெரியுமா?"

அவள் முதுகுக்குப் பின்னால், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தது. தாயத்து அதன் வாயில் இருந்தது.