நகம் பிய்ந்த செவலைக்கோழி

என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள், அவளுடைய செவலைக்கோழியின் கால்நகம் கம்பிவலையில் மாட்டிப் பிய்ந்துபோனது. அந்த வலையை முந்தின நாள் கட்டியவன் நான்.

எங்கள் வீடு சுருளிப்பட்டியில். நான் ஜீப் ஓட்டுகிறேன். விடியுமுன் கம்பம் டவுனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் திரும்ப இறக்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடமும் அதில் மேயும் ஏழு கோழிகளும் ஒரு சேவலும் முழுக்க முழுக்க அவள் பொறுப்பு. எது எந்தக் கோழி, எது அடைக்கு உட்காரப் போகிறது, எது கள்ளத்தனமாக வைக்கோலுக்குள் முட்டை விடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எனக்குக் கறுப்பு, செவலை, புள்ளி என்று மூன்று நிறம்தான் தெரியும்.

தேனி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது, ஆறு வாரம் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழிகளை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றேன். கட்டிலில் படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“நான் எந்திரிச்சு வரயில அதுக அங்கன இருக்கணும்,” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜீப்பை வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். காலையில் கூண்டைத் திறப்பது, குருணை போடுவது, தண்ணீர் மாற்றுவது. சமையலும் நான்தான். அதெல்லாம் கஷ்டமாகத் தெரியவில்லை. உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது வேறு.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் பார்த்தால் ஆகாது. மழையில் மண் சரிந்த வளைவில் வண்டி ஓட்டுவேன், கை நடுங்காது. ஆனால் யாருக்காவது விரல் அறுபட்டால் காது அடைத்துவிடும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரத்தம் தேவைப்படலாம் என்று கேட்டார்கள். நான்தான் கொடுப்பேன் என்று போய்ப் படுத்தேன். குழாயில் சிவப்பு ஏறுவதைப் பார்த்ததுதான் தெரியும். கண் விழித்தபோது நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களோடு துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, சேலைத் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “என் கையில எடுத்துக்கங்கம்மா” என்று அடுத்த கட்டிலில் படுத்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் கம்பத்தில் திராட்சை வியாபாரி. பதினைந்து வருஷமாகச் சுவரைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறோம். அன்றிலிருந்து நான் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவர் அவ்வப்போது கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கும்போதுகூடத் தூக்கைத்தான் பார்ப்பேன்.

அந்தப் பதினோராம் நாள் மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் செவலைக்கோழி வேலியோரம் சிறகடித்துத் துடிக்கிறது. வலையை வெட்டிக் கட்டியபோது கம்பி முனைகளை மடக்காமல் விட்டிருந்தேன். அதில் நகம் சிக்கியிருந்தது. நான் கிட்டே போவதற்குள் இழுத்துக்கொண்டு விடுபட்டுவிட்டது. ஒரு விரலில் நகம் பாதியோடு போயிருந்தது. அது நடந்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. அதைவிட மோசம், மற்ற கோழிகள் ஓடிவந்து அந்தக் காலையே கொத்த ஆரம்பித்தன. ஒன்றாக மேய்ந்த கோழிகள்தான். சிவப்பைக் கண்டதும் இரை என்று நினைத்துவிட்டன.

என் காது அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, என்னாச்சு?” ஜன்னல் வழியாக அவள் குரல்.

“செவலைக்கு ரத்தம்... காலுல...”

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அந்தச் சத்தம்தான் என்னை நிமிர்த்தியது.

“நீ எந்திரிக்காத! நான் பாத்துக்கிறேன்!” என்று கத்தினேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

“அப்பச் சொல்றதக் கேளுங்க. தோள்ல துண்டு இருக்குல்ல? அதை மேல போட்டு அப்படியே பொத்திப் புடிங்க. தலைய மூடிருங்க. இருட்டாயிட்டா அடங்கிரும். புடிச்சு இங்கன கொண்டுவாங்க.”

மூன்றாவது தடவையில் துண்டுக்குள் சிக்கியது. தலையை மூடியதும் அவள் சொன்ன மாதிரியே துடிப்பு குறைந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலையொட்டித் தரையில் உட்கார்ந்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. என்னுடையதும் அப்படித்தான்.

அவளுக்கு மாத்திரை போடக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் செம்பில் இருந்தது. அதைக் காலில் ஊற்றி எச்சத்தையும் மண்ணையும் கழுவச் சொன்னாள். ஊற்றினேன். பிறகு அலமாரியில் இருந்த சுத்தமான வெள்ளைத்துணியை மடித்து விரல்நுனியில் வைத்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. திரும்ப வைத்தேன். திரும்பத் தூக்கினேன்.

“இப்படி எடுத்து எடுத்துப் பாத்தா எப்படி நிக்கும்? உறையிறதுக்குள்ள நீங்களே பிச்சு விட்டுர்றீக.”

“எவ்வளவு நேரம் புடிக்கணும்?”

“கம்பத்துல இருந்து வண்டிய எடுங்க,” என்றாள்.

“என்னது?”

“வாயால ஓட்டுங்க. மெட்டு ஏறி முடிக்கிற வரைக்கும் துணிய எடுக்கப்படாது.”

கேலி செய்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. சரி என்று ஆரம்பித்தேன். கம்பத்தில் ஆள் ஏற்றினேன். ஊரைத் தாண்டினேன். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு. அடிவாரத்தில் வனத்துறைச் செக்போஸ்ட். முதல் வளைவில் இரண்டாவது கியர். எதிரே ஜீப் வந்தால் நான் ஒதுங்கும் இடம் எது, குரங்குகள் உட்கார்ந்திருக்கும் கல்கட்டை எது, எந்த வளைவில் பின்னால் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பாதையை அவளிடம் இப்படிச் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. “அங்கன நின்னு பாத்தா நம்ம ஊரு தெரியுமா?” என்று நடுவில் கேட்டாள். தெரியும், பச்சையாக ஒரு திட்டு தெரியும் என்றேன்.

பாதி மலையில் இருக்கும்போது வாசலில் பக்கத்து வீட்டு அக்கா. சத்தம் கேட்டு வந்திருக்கிறார். என் மனைவி விஷயத்தைச் சொல்லி, “அக்கா, ஒங்க வீட்ல சூப்புக்குப் போடுற சோளமாவு இருக்கா?” என்று கேட்டாள். அவர் திரும்பிப் போய் ஒரு டப்பாவோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, கோழிக்குத்தான் கண்ண மூடணும். நீங்க தொறந்து வைங்க,” என்றார்.

திறந்தேன். அவர் முகம்தான் முதலில் தெரிந்தது.

“அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில...”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? கைய விட்றாதீக. எந்த வளைவுல இருக்கீக?”

மூன்று பேருமாகத்தான் மெட்டு ஏறினோம். கேரளாச் செக்போஸ்டைச் சொல்லி முடித்ததும் மெதுவாகத் துணியை எடுத்தேன். லேசான கசிவு மட்டும் இருந்தது. அக்கா ஒரு சிட்டிகைச் சோளமாவை எடுத்து நகம் பிய்ந்த நுனியில் வைத்தார். அதன் மேல் நான் விரலால் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினேன். எடுத்தபோது மாவு வெளிர்சிவப்பாக இறுகியிருந்தது. சொட்டவில்லை. என் தலை சுற்றவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முதுகு மட்டும் நனைந்திருந்தது.

அக்கா வீட்டிலிருந்து வந்த திராட்சை அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, கோழியை அடுப்படி மூலையில் வைத்தோம். மற்றவற்றோடு விடவே கூடாது, காய்ந்த சிவப்பைக் கண்டாலும் கொத்தும் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மணிக்கொருதரம் போய் வேட்டியில் புதுக்கறை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சாயங்காலம் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. அதை ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பெட்டியோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் நிப்பாட்டியிருக்கீங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகல,” என்றார். என் மனைவியின் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டேன். மனுஷ மாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது என்றார். அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத கட்டன்சாயா நிறத்துக்கு வந்ததும் பஞ்சில் தொட்டுத் துடைக்கச் சொன்னார். ஈரம் படாமல், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளணும். வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ, திரும்ப ரத்தம் வந்து அழுத்தியும் நிற்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரணும்.

வீட்டுக்கு வந்ததும் குறடை எடுத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கம்பி முனையாக உள்பக்கம் மடக்கினேன். மடக்கிய இடத்தில் கையை ஓட்டிப் பார்த்தேன். அன்று பொழுது முழுக்க அதற்கே சரியாகப் போனது.

ரத்தப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் வயிற்றுத் தையலைப் பார்க்கத் தேனிக்குக் கூட்டிப்போனபோது நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அறையை விட்டு வெளியே போகவில்லை. அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு நாளில் கோழி காலை நன்றாக ஊன்றி நடந்தது. ஆனால் மற்றவற்றோடு விட்டதும் கறுப்புக்கோழி அதை விரட்டி விரட்டிக் கொத்தியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. “ஊருக்குப் போயிட்டு வந்த ஆள் மாதிரி. நாலு நாள் பாத்துப் பழகட்டும்,” என்றாள் அவள். செவலையைப் பஞ்சாரத்துக்குள் மூடி, கோழிகள் மேயும் இடத்துக்கு நடுவிலேயே வைத்தேன். கூடையின் கண்கள் வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பஞ்சாரத்தைச் சுற்றியே குருணையைத் தூவினேன். மூன்றாம் நாள் கறுப்புக்கோழி அதன் பக்கத்திலேயே மண்ணைக் குழித்துப் படுத்துக்கிடந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் பஞ்சாரத்தைத் தூக்கப் போனபோது பின்வாசலில் செருப்புச் சத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு பின்பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “மெதுவா ஆத்தா, மெதுவா,” என்றார். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் எட்டையும் ஒருதரம் எண்ணினாள்.

“தெறந்து விடுங்க,” என்றாள்.

தூக்கினேன். செவலை வெளியே வந்து இறக்கையை உதறியது. ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சேவல்கூட. அது நேராகப் போய்க் கூட்டத்துக்குள் தலையை விட்டுக் குருணையைக் கொத்த ஆரம்பித்தது. அவள் காலருகே வந்த புள்ளிக்கோழியைத் தொடக் குனியப் பார்த்தாள். நான் முறைத்ததும் நிமிர்ந்து சிரித்துக்கொண்டு, காலை மட்டும் அதன் பக்கம் நீட்டினாள்.